வரப்பு தாண்டும் மரபணு: கத்தரிக்கும் அதன் காட்டுச் சொந்தத்துக்கும் இடையே

தமிழ்நாட்டின் சாலையோரங்களிலும் தரிசுகளிலும் முட்கத்தரி ஒன்று தானாக வளர்கிறது. இலையும் ஊதாப் பூவும் தோட்டத்துக் கத்தரியை அப்படியே ஒத்திருக்கும். தண்டு, இலை நரம்பு, காய்க்காம்பு எல்லாவற்றிலும் முள். காய் சிறிய உருண்டை. பச்சையில் வெள்ளை வரி ஓடியிருக்கும், பழுத்தால் மஞ்சளாகும். தாவரவியலில் இதன் பெயர் சொலானம் இன்சானம். நாம் குழம்பில் போடும் கத்தரி இந்தச் செடியிலிருந்துதான் பல நூறு தலைமுறைத் தேர்வில் உருவானது. இன்றும் இரண்டுக்கும் 24 குரோமோசோம்கள். ஒன்றின் மகரந்தம் மற்றதன் சூல்முடியில் விழுந்தால் காய் பிடிக்கிறது, விதை முளைக்கிறது, அந்தக் கலப்புச் செடியும் பூத்துக் காய்க்கிறது.

2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு, புழுவைக் கொல்லும் பாக்டீரிய மரபணு ஏற்றிய பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் அளித்தது. 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். இடைப்பட்ட நான்கு மாதங்களில் நாடே விவாதித்தது. உண்பவர் உடல்நலம், விதை யாருக்குச் சொந்தம் என்ற இரண்டும் பெரிதாகப் பேசப்பட்டன. அந்த மரபணு மகரந்தம் வழியே காட்டுச்செடிக்குப் போகுமா என்ற கேள்வியோ சாலையோரத்து முட்கத்தரியோடு ஓரத்திலேயே நின்றுவிட்டது. பி.டி. மரபணு ஏற்றப்பட்ட ரகங்களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-2, எம்.டி.யு-1, கே.கே.எம்-1, பி.எல்.ஆர்-1 ஆகிய நான்கும் இருந்தன. அவை பயிரிடப்படக்கூடிய மாவட்டங்களில் இந்தக் காட்டுச்செடியும் இருக்கிறது.

எல்லாக் கத்தரிச் சொந்தங்களும் ஒன்றல்ல என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்டங்கத்தரி, சுண்டை இரண்டும் அதே பேரினம்தான். சுண்டையின் வேரில் கத்தரியை ஒட்டுக்கட்டி நடும் வழக்கமும் உண்டு. ஆனால் ஒட்டு சேர்வது வேறு, கரு சேர்வது வேறு. சுண்டையும் கத்தரியும் வயலில் தானாகக் கலப்பதில்லை. ஆய்வகத்தில் கருவைக் காப்பாற்றி வளர்த்தாலும் வரும் செடி பெரும்பாலும் மலடு. எனவே சுண்டைக்கு மரபணு போய்விடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. இன்சானம் விஷயம் அப்படியல்ல. புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து தென்னிந்தியாவில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு செடிகளுக்கும் ஒரே வகைத் தேனீக்கள் வருவதையும், கையால் கலப்பு செய்தால் வளமான வாரிசு கிடைப்பதையும் காட்டியது.

கத்தரிப்பூவின் அமைப்பு இதில் முக்கியம். அதன் மகரந்தப் பை நீளவாக்கில் வெடிக்காது. நுனியிலுள்ள சிறு துளை வழியாகத்தான் மகரந்தம் வெளிவரும். அதற்குப் பூவை யாராவது அதிரவைக்க வேண்டும். கூட்டில் வளர்க்கும் தேனீயால் அது முடியாது. பெரிய கருவண்டும் (மரத்தைத் துளைத்து வாழும் தச்சுத் தேனீ) நீலப்பட்டைத் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசையை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயிர் என்று பாடநூல் சொல்லும். இந்திய ரகங்களில் அயல்மகரந்தச் சேர்க்கை 2 முதல் 48 விழுக்காடு வரை பதிவாகியிருக்கிறது. இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம் ரகத்தின் சூல்தண்டு நீளமும், அந்த ஊரில் எத்தனை வண்டுகள் இருக்கின்றன என்பதும்தான். சூல்தண்டு மகரந்தப் பைகளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பூவில் அயல் மகரந்தம் விழ வாய்ப்பு அதிகம்.

இந்த இடத்தில் ஒரு தவறான கணக்கு அடிக்கடி நுழைகிறது. விதைச் சான்றளிப்பில் கத்தரிக்கு ஆதார விதை என்றால் 200 மீட்டர், சான்று விதை என்றால் 100 மீட்டர் தனிமைத் தூரம் விட வேண்டும். நெல்லுக்கு 3 மீட்டர் போதும். இந்த எண்களை எடுத்து மரபணு மாற்றுப் பயிரின் சோதனை வயலுக்குப் பாதுகாப்பு வளையம் என்று வைத்துவிடுகிறார்கள். அவை விதை மூட்டையில் கலப்படம் ஒரு சிறு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதற்காக வகுத்த தூரங்கள். ஆயிரத்தில் ஒரு விதை பிசகினால் விதை வியாபாரத்துக்கு நட்டமில்லை. காட்டுச்செடிக்குப் போகும் மரபணுவுக்கோ அந்த ஒரு விதையே தொடக்கமாகிவிடும். கருவண்டு கிலோமீட்டர் கணக்கில் பறக்கக் கூடியது. 200 மீட்டர் அதற்கு ஒரு தடையே அல்ல.

கலப்பு விதை விழுந்த பிறகு நடப்பது இன்னும் முக்கியம். பயிரில் அந்த மரபணு இரண்டு பிரதிகளாக இருந்தாலும் முதல் தலைமுறைக் கலப்புச் செடியில் ஒரே பிரதிதான் இருக்கும். அந்தச் செடி சுற்றியுள்ள காட்டுச்செடிகளோடு மறுபடி கலக்கிறது. ஒவ்வொரு பின்கலப்பிலும் பயிரின் பங்கு பாதியாகக் குறையும்: முதலில் 50 விழுக்காடு, பிறகு 25, 12.5, 6.25. பெரிய காய், முள்ளின்மை, விதை உறக்கமின்மை போன்ற தோட்டத்துக் குணங்கள் காட்டில் பிழைக்க உதவாததால் அவை இன்னும் வேகமாகக் கழியும். புகுத்திய மரபணு மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி வாரிசுகளுக்கு முழுசாகப் போகும். நான்கைந்து தலைமுறையில், பார்வைக்கு அச்சு அசல் காட்டுச்செடியாக இருக்கும் ஒன்றின் உள்ளே அந்த மரபணு உட்கார்ந்திருக்கும்.

அது அங்கே பெருகுமா, அழியுமா என்பதை மகரந்தம் தீர்மானிப்பதில்லை. அந்த மரபணு செடிக்கு என்ன அனுகூலம் தருகிறது என்பதுதான் தீர்மானிக்கும். 1927இல் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் ஒரு எளிய கணக்கைத் தந்தார். பெரிய கூட்டம் ஒன்றில் ஒற்றைப் பிரதியாக நுழையும் மரபணு நிலைத்துவிடும் வாய்ப்பு, அது தரும் அனுகூலத்தின் ஏறத்தாழ இரு மடங்கு. ஐந்து விழுக்காடு கூடுதல் விதை தரும் மரபணு என்றால் நிலைக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று. ஒரே ஒரு முறை கலந்தால் பெரும்பாலும் தற்செயலாகவே தொலைந்துபோகும் என்று இதற்குப் பொருள். ஆனால் பயிர் ஆண்டுதோறும் பக்கத்தில் பூக்கிறது. அதே மரபணு இருபது முறை தனித்தனியே நுழைந்தால், ஒரு முறையாவது நிலைக்கும் வாய்ப்பு 88 விழுக்காடு. கலப்பு விகிதம் மிகக் குறைவு, ஆகவே கவலையில்லை என்று சொல்பவர்கள் இந்தத் திரும்பத் திரும்ப நுழைவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மரபணுவுக்கு மரபணு முடிவு எப்படி மாறும் என்பதற்கு அமெரிக்கக் காட்டுச் சூரியகாந்தி நல்ல சான்று. சூழலியலாளர் அலிசன் ஸ்னோவின் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், புழுவைக் கொல்லும் பி.டி. மரபணு பின்கலப்பு மூலம் காட்டுச் சூரியகாந்திக்குள் ஏற்றப்பட்டது. நெப்ராஸ்காவில் அந்தச் செடிகள் சராசரியாக 55 விழுக்காடு அதிக விதை கொடுத்தன. கொலராடோவில் 14 விழுக்காடுதான். காரணம், காட்டுச்செடியின் விதையை அந்தந்த இடத்தில் புழு எவ்வளவு தின்றுகொண்டிருந்தது என்பது. அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில், வெண்பூசண நோயைத் தாங்கும் மரபணுவைக் காட்டுச் சூரியகாந்திக்கு ஏற்றினார்கள். விதை எண்ணிக்கையில் மாற்றமே இல்லை. ஒரே காட்டுச்செடி, இரண்டு மரபணு, இரண்டு முடிவு. மரபணு மாற்றுப் பயிர் ஆபத்தா இல்லையா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

களைக்கொல்லியைத் தாங்கும் மரபணுவைப் பொறுத்தவரை பழைய வாதம் ஒன்று உண்டு: மருந்து தெளிக்காத காட்டில் அந்த மரபணுவால் லாபமில்லை, ஆகவே தானே மறைந்துவிடும். கனடாவின் கியூபெக்கில் கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரிலிருந்து அதன் களைச் சொந்தமான பிராசிகா ராப்பாவுக்கு, கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு போனதை ஆய்வாளர் வார்விக்கின் குழுவினர் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். 2002இல் ஏறத்தாழ 200 செடிகளில் 85 கலப்பினங்கள். 2005இல் 200க்கு 5. வாதம் சரிதான் என்று தோன்றும். கனோலாவுக்கு 38 குரோமோசோம், களைக்கு 20, கலப்புக்கு 29. இப்படி ஒற்றைப்படையாகப் பிரியும் செடியில் மகரந்தம் பெரும்பகுதி பொய்த்துப்போகும். ஆனாலும் அந்த ஐந்தோடு கதை முடியவில்லை. எந்த மருந்தும் தெளிக்காத அந்த நிலத்தில், களையின் குரோமோசோம் எண்ணிக்கைக்கே திரும்பிவிட்ட செடி ஒன்றில் மரபணு இருந்தது. சரிவு மெய், முழு மறைவு நடக்கவில்லை.

நெல்லில் இன்னும் தெளிவான எச்சரிக்கை இருக்கிறது. சீனாவில் லூ பாவோ-ரோங் குழுவினர் கிளைபோசேட்டைத் தாங்க வைக்கும் நொதியை மிகையாகச் சுரக்கும் மரபணுவைக் களை நெல்லோடு கலந்து பார்த்தார்கள். மருந்து ஒரு துளிகூடத் தெளிக்காத நிலையில், மரபணு உள்ள வாரிசுகள் 48 முதல் 125 விழுக்காடு அதிக நெல்மணி தந்தன. அந்த நொதி செடியின் சொந்த வளர்சிதை மாற்றப் பாதையில் வேலை செய்வது. மிகையானால் வளர்ச்சியே கூடிவிடுகிறது. மருந்து இல்லாத இடத்தில் லாபமில்லை என்பதை முன்கூட்டியே உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

வயலுக்கு வெளியே தப்பிய மரபணுவின் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவானது அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் புல். கோல்ஃப் மைதானங்களுக்காக ஸ்காட்ஸ், மொன்சாண்டோ நிறுவனங்கள் கிளைபோசேட் தாங்கும் படர்புல் ஒன்றை உருவாக்கின. 2002, 2003 ஆண்டுகளில் ஜெஃபர்சன் மாவட்டத்தில் ஏறத்தாழ 160 ஹெக்டேரில் விதைக்காக வளர்த்தார்கள். சுற்றிலும் 4,400 ஹெக்டேருக்கு மேல் கட்டுப்பாட்டு வளையம். புல்லின் இயல்பைப் பார்த்தால் எதெல்லாம் தப்பாகப் போகும் என்று முன்பே தெரியும்: காற்றில் மகரந்தம் பரப்பும், பல ஆண்டு வாழும், ஓடுதண்டால் படரும், ஒரு கிராம் எடையில் பத்தாயிரத்துக்கு மேல் விதை, அக்கம்பக்கத்தில் அதே இனமும் நெருங்கிய உறவினங்களும் காட்டில் உண்டு.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை காற்றுத்திசையில் காவல் செடிகளை நட்டு அவற்றின் விதைகளை முளைக்கவைத்துச் சோதித்தது. பெரும்பாலான கலப்பு முதல் 2 கிலோமீட்டருக்குள் இருந்தது. அதிகபட்சமாக, நட்ட காவல் செடிகளில் 21 கிலோமீட்டரிலும், அங்கேயே தானாக வளர்ந்த புல்லில் 14 கிலோமீட்டரிலும் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. 2003 ஆகஸ்டில் அறுத்துப் போட்டிருந்த கதிர்களைப் பலத்த காற்று வாரிக்கொண்டுபோனது. அதன் பிறகு வளையத்துக்கு வெளியே 20,400 இலை மாதிரிகளைச் சோதித்தபோது 9 செடிகள் நேர்மறை. சில வளையத்தின் எல்லையைத் தாண்டி 3.8 கிலோமீட்டர் வரை. சில மகரந்தத்தால் வந்தவை, சில விதையாகவே வந்தவை. 2007இல் ஸ்காட்ஸ் நிறுவனத்துக்கு 5 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2010இல் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் மல்ஹூர் மாவட்டத்துப் பாசன வாய்க்கால்களில் அதே புல் படர்ந்து கிடப்பது தெரியவந்தது. இடாஹோவில் நடந்த வேறு சோதனை வயல்களிலிருந்து ஆறு தாண்டி வந்தது அது. வாய்க்கால் கரையைச் சுத்தப்படுத்த அந்த விவசாயிகள் வழக்கமாக நம்பியிருந்த மருந்து கிளைபோசேட்தான். நீரோரத்தில் தெளிக்க அனுமதியுள்ள மாற்று மருந்துகள் மிகச் சில. புல்லை விதைத்தவர்கள் யாரோ, வாய்க்காலில் மல்லுக்கட்டுபவர்கள் யாரோ. 2012இல் இந்தப் புல் வேறு பேரினத்துப் புல்லான முயல்பாதப் புல்லோடும் கலந்திருப்பது பதிவானது. 2017இல் அமெரிக்க வேளாண் துறை அந்தப் புல்லின் மீதிருந்த கட்டுப்பாட்டையே நீக்கிவிட்டது. திரும்பப் பெற முடியாத ஒன்றைச் சட்டத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடக் கசப்பான விடை கிடைக்காது.

பருத்தியில் இடம் மாறினால் விடையும் மாறுகிறது. மெக்சிகோதான் அமெரிக்கப் பருத்தி இனத்தின் தாயகம். அங்கே காட்டுப் பருத்திக் கூட்டங்களில் பி.டி. புரதமும் களைக்கொல்லி தாங்கும் புரதமும் இருப்பதை 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வணிகச் சாகுபடி வயல்களிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியும் இருந்தன. லாரியிலிருந்து சிந்திய பருத்திக்கொட்டையையும் மகரந்தத்தோடு சேர்த்துப் பரவும் வழியாக எண்ண வேண்டும். 2021இல் யுகாட்டான் கடற்கரையிலிருந்து வந்த ஆய்வு இன்னும் நுட்பமானது: மரபணு புகுந்த காட்டுப் பருத்தியில் இலைகளில் சுரக்கும் தேனின் அளவு மாறியது, அதைக் குடிக்க வந்து செடியைக் காக்கும் எறும்புகளின் கூட்டமும் மாறியது. இந்தியாவில் பி.டி. பருத்தி இரு மடங்குக் குரோமோசோம் கொண்ட, 52 எண்ணிக்கையுள்ள அமெரிக்க இனம். கோவில்பட்டிக் கரிசலில் விளைந்த கருங்கண்ணி 26 குரோமோசோம் உள்ள நாட்டினம். இரண்டும் வயலில் கலந்தால் வளமான வாரிசு வராது. ஆகவே கருங்கண்ணிக்கு வந்த ஆபத்து மகரந்தத்தால் வந்ததல்ல. அதை விதைப்பதை நிறுத்தியதால் வந்தது.

கடுகில் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. மரபணு மாற்றிய டி.எம்.எச்-11 வீரியக் கடுகுக்கு 2022 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஒப்புதல் செல்லுமா என்பதில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற அமர்வு இரண்டாகப் பிரிந்து தீர்ப்பளித்தது. இதன் ஒரு பெற்றோரில் மகரந்தத்தை மலடாக்கும் பார்னேஸ் மரபணுவும், மற்றதில் அதை முறிக்கும் பார்ஸ்டார் மரபணுவும் இருக்கின்றன. இரண்டோடும் குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் பார் மரபணு ஒட்டியே வருகிறது. வீரியச் செடியில் இரண்டும் ஒற்றைப் பிரதி. அவை தனித்தனியே பிரியும்போது, மகரந்தத்தில் கால்பங்கு பார்னேஸ் மட்டும், கால்பங்கு பார்ஸ்டார் மட்டும், கால்பங்கு இரண்டும், கால்பங்கு எதுவுமில்லை. ஆக, பறக்கும் மகரந்தத்தில் முக்கால் பங்கு களைக்கொல்லி தாங்கும் மரபணுவைச் சுமக்கிறது. பார்னேஸ் மட்டும் சுமப்பது பக்கத்து வயலின் நாட்டுக் கடுகில் விழுந்தால், அந்த விவசாயி எடுத்துவைத்த விதையில் மலட்டு மகரந்தச் செடிகள் முளைக்கும். மலடு காட்டில் தானாகக் கழிந்துவிடும். பார் மரபணு கழிய அப்படி ஒரு கட்டாயமில்லை.

மரபணு மாற்றமே இல்லாத கலப்பும் காட்டினத்தை அழிக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டால் படம் முழுமையாகாது. தைவானின் காட்டு நெல், பயிர் நெல்லின் மகரந்தத்தில் தலைமுறை தலைமுறையாக முங்கி, ஏறக்குறைய இல்லாமலே போனது. சிறு கூட்டமாக மிஞ்சியுள்ள காட்டினத்துக்குப் பெரிய வயலின் மகரந்தமே எமன். அதைக் காக்க வேண்டிய காரணம் வெறும் உணர்ச்சி அல்ல. 1970களில் ஆசிய நெல்லைத் தாக்கிய புல்குட்டை நச்சுயிரி நோய்க்குச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 6,000க்கும் மேற்பட்ட மாதிரிகளில் தேடியபோது, எதிர்ப்பு கிடைத்தது உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல் ஒன்றில் மட்டுமே.

மறுபடி கத்தரிக்கு வருவோம். 2013இல் பங்களாதேஷ் பி.டி. கத்தரிக்கு அனுமதி தந்து, 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்று கொடுத்தது. காய்ப்புழுவுக்கு வாரம் தவறாமல் மருந்தடித்தவர்களுக்கு அது மெய்யான நிம்மதி. அதை மறுப்பது நேர்மையல்ல. இந்தியாவில் 2019இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் அனுமதியில்லாத பி.டி. கத்தரி வயலில் நிற்பது கண்டுபிடிக்கப்பட்டது. 2020இல் வேறொரு மரபணுவான கிரை1எஃப்ஏ1 கொண்ட ஜனக், பி.எஸ்.எஸ்-793 ஆகிய கத்தரிகளை எட்டு மாநிலங்களில் சோதிக்க மதிப்பீட்டுக் குழு அனுமதி தந்தது, மாநில அரசுகளின் இசைவுக்கு உட்பட்டு. எட்டில் தமிழ்நாடும் ஒன்று.

அப்படி ஒரு சோதனைக்கு முன் செய்ய வேண்டியவற்றில் முதலாவதற்கு மரபணு மாற்றுச் செடியே தேவையில்லை. காட்டுக் கத்தரி நிற்கும் பத்துப் பதினைந்து இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் பாதிச் செடிகளைப் பூச்சிமருந்தால் காய்ப்புழுவிடமிருந்து காத்து, மீதியை அப்படியே விட வேண்டும். பூக்கும் நேரத்தில் மருந்து பட்டால் வண்டு வராது. காய் பிடிப்பது குறைந்து கணக்கே தலைகீழாகும். ஆகவே மாலையில், புழுவை மட்டும் தாக்கும் மருந்தாக இருக்க வேண்டும். பருவ முடிவில் இரு பிரிவிலும் செடிக்கு எத்தனை காய், காய்க்கு எத்தனை நல்ல விதை என்று எண்ணி, அந்த விதைகளை அங்கேயே விதைத்து எத்தனை நாற்று பிழைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். விதை கூடியும் நாற்று கூடவில்லை என்றால் அந்த இடத்தில் செடியைக் கட்டுப்படுத்துவது புழு அல்ல, பி.டி. மரபணுவால் பெரிய லாபம் இராது. இரண்டும் கூடினால், அந்த மரபணு காட்டில் பரவும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கலப்பு நடந்ததா என்று தேடும் வேலை. ஒன்றுமே கிடைக்கவில்லை என்ற அறிக்கைக்கு எத்தனை நாற்று சோதித்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மதிப்பு. மூன்றை மாதிரி எண்ணிக்கையால் வகுத்தால் 95 விழுக்காடு உறுதியோடு சொல்லக்கூடிய மேல் வரம்பு கிடைக்கும். 300 நாற்றில் பூஜ்யம் என்றால் கலப்பு 1 விழுக்காட்டுக்குக் கீழ் என்று மட்டுமே சொல்லலாம், 0.1 விழுக்காட்டுக்குக் கீழ் என்று சொல்ல 3,000 நாற்று வேண்டும். ஒரு கத்தரிக்காயிலேயே நூற்றுக்கணக்கில் விதை இருப்பதால், பத்துக் காய்களை அறுத்து 3,000 விதை கணக்குக் காட்டிவிட முடியும். அது ஏமாற்று. ஒரு வண்டு ஒரு பூவுக்கு வந்ததா இல்லையா என்பதே அங்கே அளக்கப்படுகிறது. நூறு தாய்ச்செடிகள், செடிக்கு மூன்று காய், காய்க்குப் பத்து விதை என்று பரப்பி எடுக்க வேண்டும். இலைத் துண்டுகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து அரைத்து, அந்த மரபணுவின் புரதத்தைக் காட்டும் சோதனைப் பட்டையில் பார்க்கலாம். மரபணு உள்ளதாகத் தெரிந்த ஒரு துண்டை ஒன்பது சாதாரணத் துண்டுகளோடு கலந்து பட்டை அதைக் காட்டுகிறதா என்று முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 2010இல் நிறுத்திவைத்த பி.டி. கத்தரியில் உள்ள கிரை1ஏசி புரதத்துக்கான பட்டை கிரை1எஃப்ஏ1 செடியைக் காட்டும் என்று நம்பிவிடக் கூடாது. பட்டை தவறினால் வரும் பூஜ்யமும், கலப்பு இல்லாததால் வரும் பூஜ்யமும் அறிக்கையில் ஒன்றுபோலவே இருக்கும்.

சோதனை வயல் முடிந்ததும் செடிகளைப் பிடுங்கி எரிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கீழே விழுந்து அழுகிய பழத்தின் விதை அடுத்த மழையில் முளைக்கும். குறைந்தது இரண்டு பருவம், நீர் பாய்ச்சி முளைக்கவைத்து, பூக்கும் முன் களைந்தெடுக்க வேண்டும். கூடவே, சுற்றிலும் 2 கிலோமீட்டருக்குக் காட்டுக் கத்தரி எங்கெங்கே நிற்கிறது என்ற வரைபடம் விதைப்புக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். அதை வரைய ஆடு மேய்ப்பவர்களைக் கேட்பதே நல்ல தொடக்கம். எந்த முட்செடி எந்தக் கரையில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.